கோப்பில் எழுதாமல் விட்ட கைகள்: நாள்பட்ட நோயுள்ள அக்கா, தண்டுவடம் பாதித்த தம்பி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வீட்டில் 14 மாதங்களில் நடந்தவற்றின் பதிவு இது. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உடல்நலக் குறையோடு வாழ்கிறவர்களின் வீட்டுக்கே போய், அன்றாட வேலைகளை அவர்கள் எப்படிச் செய்யலாம் என்று பார்ப்பது என் பணி. எழுதி முடித்ததும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் அக்கா திருத்தம் சொன்னார், ஓர் இடத்தில் தம்பி. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். என் தவறுகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

அக்காவுக்கு 46 வயது. முடக்குவாதம் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. அவருக்கு இரண்டு மணிக்கட்டுகளும் விரல் முட்டிகளும்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. வாரத்தில் ஒரே ஒரு நாள் நோயை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, வேறொரு நாள் அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட். கால்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. நடப்பார், படி ஏறுவார். காலையில் மட்டும் விரல்கள் இறுகிக் கிடக்கும்.

தம்பிக்கு 39. ஆறு ஆண்டுகளுக்கு முன் உயரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடம் மார்புப் பகுதியின் 5ஆம் கணுவில், அதாவது டி5 மட்டத்தில், முழுமையாகப் பாதிக்கப்பட்டது. நெஞ்சின் நடுவுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. இந்த மட்டத்தில் அடிபட்டவர்களுக்குக் கைகள் முழு பலத்தோடு இருக்கும். பயிற்சி இருந்தால் பெரும்பாலோர் தாமே கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவார்கள், தாமே குழாய் செலுத்திச் சிறுநீர் எடுத்துக்கொள்வார்கள்.

இவர் அப்படி இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. மருத்துவமனையில் வழுக்குப் பலகையில், அதாவது கட்டிலுக்கும் வீல்சேருக்கும் இடையே பாலம்போல் வைத்து நகர்ந்து மாறும் பலகையில், மாறப் பழகிவிட்டுத்தான் வீடு வந்தார். மூன்றே மாதத்தில் வால் எலும்புக்கு மேல் படுக்கைப் புண். ஐந்து மாதம் படுக்கை. அந்த ஐந்து மாதத்தில் அம்மா எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். புண் ஈரமாகாமல் இருக்க நிரந்தரக் கதீட்டர், அதாவது மூத்திரப்பையிலேயே இருக்கும் சிறுநீர்க் குழாய், போடப்பட்டது. புண் ஆறியது. கதீட்டர் இருந்துவிட்டது, அம்மா செய்வதும் இருந்துவிட்டது, பலகை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

நான் போவதற்கு எட்டு மாதங்களுக்கு முன் அம்மா இறந்துபோனார். அவர் செய்ததெல்லாம் மறுநாளே அக்காவின் கைக்கு வந்தது.

முதல் இரண்டு சந்திப்புகள்

என்னை அனுப்பிய குறிப்பில் இருந்தது ஒரே வரி: தம்பிக்கு உட்காரும் இடத்தில் தோல் நிறம் மாறியிருக்கிறது, மெத்தையையும் இருக்கையையும் பார்க்கவும். பார்த்தேன். வீல்சேர் மெத்தை தட்டையாகிப் போயிருந்தது. இடது உட்கார் எலும்பின் மேல் உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தது. விரலால் அழுத்தி எடுத்தபோதும் நிறம் மாறவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை. கருநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரியாது. சிவப்பைத் தேடுகிறவர்கள் தவறவிடுவது இங்கேதான். சூட்டையும் கெட்டித்தன்மையையும் தேட வேண்டும்.

இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பதாக அக்கா சொன்னார். தம்பியும் தலையாட்டினார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

என் படிவத்தில் "பராமரிப்பவர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "சகோதரி, உடன் வசிக்கிறார்" என்று எழுதினேன். அவருக்கு முடக்குவாதம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு என் படிவத்தில் இடம் இல்லை, நானும் உண்டாக்கவில்லை. தம்பியின் பக்கத்தில் "செய்ய முடியாதவை" என்ற தலைப்பின் கீழ் பதினோரு வரி எழுதியிருக்கிறேன். கைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாம் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். அக்கா கதவின் தாழ்ப்பாளை விரலால் இழுக்காமல், மணிக்கட்டைக் குறுக்கே கொடுத்துத் தள்ளித் திறந்தார். வலது மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. கேட்டேன். "இன்னிக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் காலை

அடுத்த வாரம், காலை 6:40க்கு அக்காவின் போன். தம்பிக்குத் தலை வெடிப்பதுபோல் வலி, நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருக்கின்றன, ரத்த அழுத்தம் 188/104. வழக்கமாக அவருக்கு 100/60தான் இருக்கும். தலைவலி என்பதால் தலையணையை எடுத்துவிட்டு மட்டமாகப் படுக்கவைத்திருக்கிறார்.

இது ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. தண்டுவடம் டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டவர்களுக்கு வரக்கூடியது. அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது: பெரும்பாலும் நிரம்பிய மூத்திரப்பை, அல்லது இறுகிய மலம், புண், இறுக்கமான உடை. அதற்கு எதிர்வினையாகக் கீழ் உடலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. "போதும், தளர்த்து" என்று மூளை அனுப்பும் கட்டளை தண்டுவடம் அறுந்த இடத்தைத் தாண்டிப் போவதில்லை. உறுத்தலை நீக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். மட்டமாகப் படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும்.

நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைக் கீழே தொங்கவிடுங்கள், இடுப்பிலும் காலிலும் இருப்பதையெல்லாம் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் ஆம்புலன்ஸ் என்று சொன்னேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த முடிந்தது. தொடையில் குழாயைப் பிடித்திருந்த பட்டையின் கொக்கியைத்தான் அக்காவால் கழற்ற முடியவில்லை. "விரல் மடங்க மாட்டேங்குது" என்று அவர் அழுததை போனில் கேட்டேன். அதற்குப் பின் தம்பியின் குரல்: "விடுக்கா, நான் பார்க்கறேன்." நிமிர்ந்து உட்கார்ந்ததால் இப்போது அவருக்குத் தன் தொடை தெரிந்தது. முன்னால் சாய்ந்து, கொக்கியைக் கழற்றி, தொடைக்கு அடியில் மடங்கியிருந்த குழாயை அவரே இழுத்து நிமிர்த்தினார். பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் 126/78. அன்றே மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். வேறு சேதம் இல்லை.

மாலையில் நேரில் போனபோதுதான் முழுக்கதை வந்தது. தலைவலி 5:30க்கே தொடங்கியிருக்கிறது. அவர் கூப்பிடவில்லை. "அக்காவுக்குக் காலையில ஏழரை வரைக்கும் கை வராது. எழுப்பினா எழுந்து வந்துடும். அதான் பொறுத்துக்கிட்டேன்." இரவில் திருப்பிவிடுவதையும் ஆறு வாரங்களுக்கு முன்பே அவர் நிறுத்திவிட்டிருந்தார். அக்கா அலாரம் வைத்து எழுந்து வருவார். இவர் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் படுத்துக்கொண்டு, "இப்பதான் நானே நகர்ந்து படுத்தேன்" என்பார். தோல் கறுத்ததற்கு மெத்தை பாதிக் காரணம்தான்.

இதை நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து மாத்திரை அட்டைகளை என் முன்னால் வைத்தார். 14 வாரத்துக்கு 14 வேளை போயிருக்க வேண்டும்; போயிருந்தது 8. மெத்தோட்ரெக்ஸேட் போட்ட மறுநாள் குமட்டலும் அசதியும் ஆளைச் சாய்த்துவிடும். மறுநாள் தம்பியைத் தூக்க வேண்டிய வேலை இருந்தால் அந்த வாரம் மாத்திரையை விட்டுவிடுவாராம். விடவிட நோய் ஏறியது, நோய் ஏற ஏற விரல் வரவில்லை, விரல் வராததைப் பார்த்துத் தம்பி வாயை மூடிக்கொண்டார்.

இருவரும் பொய் சொன்னது மற்றவருக்காக. நான் இருவரையும் தனித்தனியாக ஒரு முறையாவது கேட்டிருந்தால் அந்தக் காலை வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழைய படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் ஒரு நாளின் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டே கேள்வி: இதற்கு விரல் பலம் வேண்டுமா, நடக்க வேண்டுமா? 31 வேலைகள் வந்தன. 19 வேலைகளுக்கு விரல்தான் முக்கியம். அவற்றில் 17ஐ அக்கா செய்துகொண்டிருந்தார். மூடி திறப்பது, பொத்தான், கதீட்டர் கொக்கி, மாத்திரை பிரிப்பது, துணி பிழிவது. அந்த வீட்டில் விரல் பலம் உள்ளவர் தம்பி. தாளை இருவரும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

முதல் முடிவு அக்காவின் மருந்து பற்றியது. அதுதான் அவசரம் என்று நினைத்தேன், ஏனென்றால் அவருடைய நோய் அடங்காமல் வேறு எந்த ஏற்பாடும் நிற்காது. மூட்டு வாத மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்; உடன் போனேன். மருத்துவர் கோபப்படவில்லை. கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு, அதே மருந்தைத் தோலுக்கடியில் போடும் ஊசியாக மாற்றினார்; பலருக்கு ஊசியில் குமட்டல் குறைகிறது. ஆனால் வீங்கிய விரலால் தனக்குத்தானே ஊசி போடுவது எப்படி? தம்பி போடட்டும் என்று சொன்னது அக்காதான். செவிலியர் இரண்டு முறை வந்து, கையுறை போடுவதில் தொடங்கி ஊசியைக் கூர்மைக் கழிவுப் பெட்டியில் போடுவது வரை தம்பிக்குப் பழக்கினார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மருந்தைத் தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டி, போட்டதும் தேதியைக் குறிப்பதையும் தம்பியின் பொறுப்பாக்கினோம்.

இரண்டாவது, இரவு. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எழுந்தால் முடக்குவாதக்காரர் தேறவே மாட்டார். தம்பி கவிழ்ந்து படுத்தால் வால் எலும்பிலும் உட்கார் எலும்புகளிலும் அழுத்தமே விழாது. இடையில் திருப்ப வேண்டிய தேவை வெகுவாகக் குறையும். மூச்சுக்குச் சிரமம் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு தொடங்கினோம். மார்புக்கு அடியில் ஒரு தலையணை, தொடைக்கு அடியில் ஒன்று, முழங்கால் சில்லும் கால் விரல்களும் எதிலும் படாதபடி கணுக்காலுக்கு முன்னால் ஒன்று. முதல் நாள் 30 நிமிடம். உடனே தோலைப் பார்ப்பது. தடம் இல்லாவிட்டால் மறுநாள் இன்னும் 30 நிமிடம். ஐந்து வாரத்தில் ஐந்து மணி நேரம் வந்தது.

தோல் பார்க்கும் வேலையையும் தம்பியிடமே கொடுத்தோம்: நீளக் கைப்பிடிக் கண்ணாடி, போன் கேமரா, தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம். பகலில் உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கொரு முறை முழங்காலில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து இரண்டு நிமிடம். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது வேண்டாம் என்றேன். அந்தத் தோள்கள் அவருக்கு ஆயுள் முழுக்க வேண்டும்.

மலம் கழிக்கும் ஏற்பாட்டைப் பற்றி இருவரும் பேசவே கூசினார்கள். தம்பிக்கு மலம் தன் கட்டுப்பாட்டில் இல்லை, விரலால் தூண்டி வெளியேற்ற வேண்டும். அம்மா செய்தபோது தம்பிக்கு அது ஒரு மாதிரி. அக்கா செய்ய வந்த பிறகு தாங்க முடியவில்லை. அதனால் நாலு நாளைக்கு ஒரு முறை என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மலம் இறுகுவதும் அதே ரத்த அழுத்த ஆபத்துக்கு வழி. தம்பியே செய்துகொள்ளப் பயிற்சி, மெத்தை வைத்த கமோடு நாற்காலி, நேரம் காலையிலிருந்து மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. வயிறு நிரம்பியதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் அக்காவின் விரலும் ஓரளவு இளகியிருக்கும், ஏதாவது உதவி தேவைப்பட்டால். உடல் புது நேரத்துக்குப் பழக மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் எளிதாக இல்லை. இரண்டு முறை படுக்கையில் ஆகிவிட்டது. ஒரு முறை தம்பி என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

கட்டிலருகில் ஓர் அட்டை ஒட்டினோம். தலைவலி, வியர்வை வந்தால் செய்ய வேண்டியவை நான்கு வரியில். ஐந்தாவது வரியைத் தம்பி தன் கையால் எழுதினார்: "உடனே கூப்பிடு."

தடுமாற்றங்கள்

மூன்றாம் வாரத்திலேயே வழுக்குப் பலகையை எடுத்தேன். அவசரப்பட்டேன். பலகை தொடைக்கு அடியில் போதிய அளவு போகவில்லை, வீல்சேரின் ஒரு பக்க பிரேக் தளர்ந்திருந்தது. தம்பி மெல்ல வழுக்கித் தரைக்கு வந்தார். அவருக்கு அடி இல்லை. ஆனால் அக்கா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்ததில் மணிக்கட்டு மறுபடி வீங்கி, பத்து நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. தம்பி பன்னிரண்டு நாள் பலகையைத் தொடவில்லை. விழுந்தால் என்ன செய்வது என்பதை விழுவதற்கு முன்னால் பழக்கியிருக்க வேண்டும்: அக்கா பிடிக்கக் கூடாது, தலைக்கு அடியில் மட்டும் தலையணை வைக்க வேண்டும், இரண்டு பேர் வந்த பிறகே தூக்க வேண்டும், பிறகு தோலைப் பார்க்க வேண்டும். அதைப் பழகிய பிறகுதான் பலகை மறுபடி வெளியே வந்தது.

ஆறாம் வாரத்தில் நான் எதிர்பாராதது ஒன்று. வேலைகள் குறையக் குறைய அக்கா வாடினார். இரவில் தூங்க முடிகிறது, கை வலி இறங்குகிறது, ஆனாலும் முகம் இருண்டு கிடந்தது. அலாரம் இல்லாமலே எழுந்து போய், தம்பிக்குத் தெரியாமல் குழாயைத் தொட்டுப் பார்ப்பாராம். "அம்மா போனப்ப அழறதுக்கே நேரம் இல்ல. இப்ப நேரம் கிடைச்சதும் எல்லாம் சேர்ந்து வருது. அவனுக்கு நான் வேண்டாம்னா நான் எதுக்கு?" அன்று எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. மூவரும் அம்மாவைப் பற்றிப் பேசினோம். அவரை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். நான்கு முறை போனார். அக்கா தினமும் மாலை அரை மணி தனியாக நடக்கப் போக வேண்டும் என்று தம்பி பிடிவாதம் பிடித்தார். முதல் வாரம் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு போனார்.

என்ன ஆயிற்று

ஒன்பதாவது வாரம் தோலின் கறுப்பு மறைந்து மென்மையானது. அதற்குப் பின் புண் இல்லை. ஐந்தாம் மாதம் சிறுநீரக மருத்துவர் நிரந்தரக் கதீட்டரை எடுத்துவிட்டு, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தானே குழாய் செலுத்தி எடுக்கும் முறைக்கு மாற்றினார். ஏழாம் மாதத்திலிருந்து கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தம்பி தனியாக மாறுகிறார். குளியலறைக்கு மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். லேசான டிஸ்ரிஃப்ளெக்ஸியா இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் முதல் நிமிடத்திலேயே கூப்பிட்டார்.

அக்காவுக்குக் காலை இறுக்கம் இரண்டு மணி நேரத்திலிருந்து 40 நிமிடத்துக்கு இறங்கியிருக்கிறது. ஊசி ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அசதி மட்டும் போகவில்லை. மூட்டு வீக்கம் அடங்கிய பிறகும் முடக்குவாதத்தில் அசதி நீடிக்கலாம். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. அதனால் மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவருக்கு எந்த வேலையும் இல்லை என்பது தாளில் எழுதப்பட்ட விதி.

மறுபடி செய்தால்

முதல் நாளே இரண்டு பேருக்கும் இரண்டு கோப்பு திறப்பேன். ஒரு வீட்டில் "நோயாளி", "பராமரிப்பவர்" என்று பெயர் வைத்த கணத்தில் ஒருவருடைய பலமும் இன்னொருவருடைய நோயும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. "செய்ய முடியாதவை" பட்டியலுக்கு முன்னால் "எது வேலை செய்கிறது" என்று கேட்பேன். டி5 என்று குறிப்பில் பார்த்ததுமே ரத்த அழுத்த ஆபத்தைச் சொல்லிக்கொடுத்து அட்டையை ஒட்டிவிட்டுத்தான் மெத்தையைப் பார்ப்பேன். அதை நான் தள்ளிப்போட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. இருவரிடமும் தனியாகப் பேச நேரம் கேட்பேன். வீங்கிய மணிக்கட்டைக் கண்டால், "அவ்வளவுதான்" என்ற பதிலோடு கிளம்ப மாட்டேன்.

மாறாதது ஒன்று உண்டு. தாளில் எந்த வேலையையும் அவர்கள் சொல்லாமல் நானாக இடம் மாற்றவில்லை. ஊசி யோசனையும் அவர்களுடையதுதான். அதனால்தான் நான் போகாத நாட்களிலும் அது நிற்கிறது என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் அக்காவின் வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் அந்த மணிக்கட்டை அசைக்கக் கூடாது. யார் எதைச் செய்வது என்ற புதுத் தாளைத் தம்பி எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 31 வேலைகளில் 24க்கு எதிரே அவருடைய பெயர். மூன்றுக்கு எதிரே கேள்விக்குறி. அதற்காக வியாழக்கிழமை போகிறேன்.